காது குத்தாத மணப்பெண்ணும் கல் ராணியின் குண்டலமும்

கல்யாண கவுனைக் கையில் தூக்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயிலில் போகலாம் என்று எனக்கு யோசனை சொன்ன மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆளுயர வெள்ளைப் பை. மடிக்கக் கூடாது, மடித்தால் உள்பாவாடையின் வலை நசுங்கிவிடும். இரண்டு கைகளிலும் கிடத்திக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினேன். எதிரில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் பையை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாம்மா அது, பாடியா?”

“கல்யாண டிரெஸ்ஸும்மா.”

“அய்ய, தப்பா நெனச்சிக்காத. வெள்ளையா நீட்டமா இருந்துச்சா, பயந்துட்டேன்.” பயந்ததற்குப் பரிகாரமாக ஒரு முழம் மல்லிகையை அறுத்து என் மடியில் போட்டார். “பொண்ணுக்கு வெய்யி.”

நான் மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் தையற்கடை வைத்திருப்பவள். கல்யாண உடுப்பு மட்டும்தான் தைப்பேன். கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் தினேஷ் செங்கல்பட்டுப் பையன். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முதல்நாள்தான் அவனுக்கு விடுப்பு. “ஆன்ட்டி, நீங்களே கவுனைக் கொண்டுபோய்ப் போட்டுப்பார்த்து சரிபண்ணிக் குடுத்துடுங்க லா” என்று கெஞ்சினான். விமான டிக்கெட்டையும் கையில் திணித்துவிட்டான். நானும் மறுக்கிற மாதிரி கொஞ்சம் பாவனை செய்துவிட்டுக் கிளம்பினேன்.

கிளம்பியதற்கு இன்னொரு காரணம் என் கைப்பெட்டியில் இருந்தது.

என் கடைச் சுவரில் ராணிகள்தான் இருக்கிறார்கள். பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய அரச மணப்பெண்கள். வெள்ளை கவுன் ஏதோ ஆதியிலிருந்தே வந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. ஐரோப்பாவின் அரசகுமாரிகள் பெரும்பாலும் சிவப்பிலும் நீலத்திலும் வெள்ளிச் சரிகையிலும்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் ஓர் இளம் ராணி, வெள்ளைப் பட்டும் லேசும் போதும் என்றாள். உலகமே அவள் பின்னால் போயிற்று. கிள்ளானில் நான் சாப்பிடுவதும் அவள் புண்ணியத்தில்தான். எங்கள் ஊர் மலாய்க்காரர்கள் அதைவிட தாராளம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளையும் பெண்ணும் அன்று ஒருநாள் ராஜா, ராணி. சரிகைத் துணி கட்டி, மகுடம் வைத்து, சிம்மாசனத்தில் உட்கார வைத்து மரியாதை செய்வார்கள்.

இந்தச் சுவரைத் தினேஷ் படமெடுத்துக் கிருபாவுக்கு அனுப்பியிருக்கிறான். கிருபாதான் மணப்பெண். படூரில் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தில் வேலை. மறுநாளே எனக்கு வாட்ஸப்பில் ஒரு கல்சிற்பத்தின் படம் வந்தது. மாமல்லபுரத்துச் சுவரில் நிற்கும் ஒரு பெண். தலையில் உயர்ந்த மகுடம், தோள்வரை தொங்கும் குண்டலம், மார்பில் கச்சு, கையில் வளை. கீழே ஒரு வரி: “ஆன்ட்டி, கவுன் தினேஷுக்காக. இது எனக்காக. அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

மூன்று மாதம் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தினேன். சாமி கிரீடம் செய்கிற ஒருவரைப் பிடித்து, மெல்லிய பித்தளைத் தகட்டில் உள்ளே வெற்றாக மகுடமும் குண்டலமும் செய்து வாங்கினேன். பாறை நிறத்தில் பட்டு தேடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக எதையும் தைத்ததில்லை.

கூடுவாஞ்சேரியில் தண்டவாளத்துக்குப் பின்புறம் கிருபாவின் வீடு. அம்மா சாந்தி, மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமைக்கிறவர். அப்பா இல்லை, காலமாகி நான்கு வருடம். நான் போன உடனே சாந்தி சங்கரா மீன் குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மீன்கறியில் தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடும். இங்கே புளியும் மிளகாயும் நேருக்கு நேர் நின்று பேசின. மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

மல்லிகையை நீட்டினேன். சாந்தி சிரித்துக்கொண்டே வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். தலையில் வைத்துக்கொள்ளவில்லை, மகளுக்கும் வைக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உண்ட மயக்கத்தில் உறைக்கவில்லை.

சாந்தி கடைக்குப் போனதும் கதவைச் சாத்தினோம். கவுன் கிருபாவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. தோளில் மட்டும் கால் அங்குலம் பிடிக்க வேண்டும். பிறகு பெட்டியைத் திறந்தேன். கிருபாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகுடத்தை வைத்துப் பார்த்தேன். சரி. குண்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் கூந்தலை ஒதுக்கினேன்.

காதில் ஓட்டை இல்லை.

அடுத்த காதைப் பார்த்தேன். அதிலும் இல்லை. இரண்டு மடலும் அன்று பிறந்த குழந்தையின் காதுபோல மொழுமொழுவென்றிருந்தன. மூன்று மாதம் அளவுக்கணக்குக் கேட்டேன். மார்பு, இடை, தலைச்சுற்று, மணிக்கட்டு எல்லாம் கேட்டேன். இருபத்தேழு வயதுத் தமிழ்ப்பெண்ணுக்குக் காது குத்தியிருக்கிறதா என்று கேட்க யாருக்குத்தான் தோன்றும்?

“நாங்க பெந்தெகொஸ்தே சபை ஆன்ட்டி” என்றாள் கிருபா. “நகை, பூ, பொட்டு ஒண்ணும் கெடையாது. எனக்குக் காதே குத்தல. குண்டலத்த எப்பிடி மாட்டறதுன்னு நானும் யோசிக்கல.”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சாந்தி பர்ஸை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

“இன்னா இது?”

அவர் மகள் தலையில் பல்லவ மகுடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சாந்தி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம்.

“உங்கப்பன் இருந்தா அவரு உன் கையப் புடிச்சி சர்ச்சுக்குள்ள கூட்டினு போவாரு. இல்லன்னுதான் நான் போறேன். இத்த மாட்டிகினு நீ நின்னின்னா, நான் வூட்லயே குந்திகினு இருப்பேன். வேற யார் கையனா புடிச்சிகினு போ.”

“அம்மா, தங்கம் இல்லம்மா” என்று நான் குறுக்கே புகுந்தேன். “வெறும் பித்தளைதான்.”

“கில்ட்டு போட்டா நகையோட பொய்யும் சேந்துக்கும், டெய்லரம்மா” என்றார்.

மறுநாள் காலை இட்லிக்கு வடகறி வந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. பேச்சில்லாத வீட்டிலும் வடகறி பிரமாதமாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். “அந்தக் கல்லையாவது நேரில் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றேன். கிருபா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ் நின்றது. கியர் விழவில்லையாம். டிரைவர் இறங்கி, நிழல் பார்த்து உட்கார்ந்து, யாருக்கோ போன் செய்தார். “அரை மணி ஆவும். வெயில்ல நிக்காதீங்க, புளியமரத்தாண்ட போங்க” என்று கண்டக்டர் சொன்னார். கிள்ளானில் இப்படி நடந்தால் ஆளாளுக்கு மணி பார்ப்பார்கள். இங்கே ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினார்.

மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினேன். தூரத்தில் வெயில் வயல்மேல் அசைந்துகொண்டிருந்தது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத நேரம். என் கடைச் சுவரின் ராணிகள் அந்தச் சாலையில் வரிசையாகக் கடலை நோக்கி நடந்தார்கள். வெள்ளைக்காரி முன்னால் போக, அவள் உடுப்பின் நீண்ட வாலை மலாய் இளவரசி தூக்கிக்கொண்டு வந்தாள். முத்துப் பதித்த தஞ்சாவூர் அரசி ஒருத்தி பாரம் தாங்காமல் நின்று நின்று வந்தாள். எல்லாருக்கும் கடைசியில் மகுடமும் குண்டலமும் மட்டும் அணிந்த ஒருத்தி, கையை வீசிக்கொண்டு வந்தாள். பஸ் ஹாரன் அடித்ததும் எல்லாரும் காணாமல் போனார்கள்.

மாமல்லபுரத்தில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த பையன் குழம்பிப்போனான். “ஆளப் பாத்தா நம்ம ஊரு. புக்கப் பாத்தா வெளிநாடு. வெளிநாட்டு டிக்கெட்டுதான்க்கா எடுக்கணும்.” எனக்கு வந்த கோபத்தில் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னேன். “பாத்தியா, வெளிநாடேதான்” என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தான்.

ஐந்து ரதங்களில் அர்ச்சுனன் பெயரைச் சொல்கிற ரதத்தின் பின்சுவரில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் அல்ல, இருவர். கிருபா அனுப்பிய படத்தில் ஒருத்தி மட்டுமே இருந்தாள். காலை வெயில் நேராக அவர்கள்மேல் விழுந்து பாறை ரத்தம் ஓடுகிற தோல்போல் இருந்தது. நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், வங்கி என்று இன்று நம் மணப்பெண்ணுக்குப் பூட்டுகிற சாமான்களில் பாதிகூட அவர்களிடம் இல்லை. கழுத்தில் ஏதாவது இருந்ததா, இருந்து உப்புக்காற்றில் கரைந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் காது! மடல் நீண்டு, குண்டலம் தோளில் உட்கார்ந்திருந்தது. நான் செய்ததுதான். கொஞ்சம்கூடப் பிசகவில்லை. யாரும் பார்க்காதபோது எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

ஒரு வழிகாட்டி தன் கூட்டத்திடம், “ரெண்டு பேரும் ராணிங்க” என்றார். அடுத்து வந்தவர், “ராணியோட தோழிங்க” என்றார். மூன்றாமவர் பேசாமல் படம் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

“எட்டாவது படிக்கறப்போ ஸ்கூல் டூர்ல வந்தேன்” என்றாள் கிருபா. “எல்லாப் பொண்ணுங்களும் ஜிமிக்கி, வளையல்னு போட்டுகினு வந்தாங்க. ‘உனக்கு ஏன்டி காது மொட்டையா கீது’ன்னு பஸ்ஸு பூரா கேட்டுகினே வந்தாங்க. இங்க வந்து இவங்களப் பாத்தேன். எப்பிடி நிக்கறாங்க பாருங்க ஆன்ட்டி. யாரும் ஒண்ணும் கேக்க முடியாதமாதிரி. ஒருநாள் நானும் அதுமாதிரி நிக்கணும். ஒரே ஒருநாள்.”

“அம்மா?”

“அம்மா கையப் புடிக்காம நான் சர்ச்சுக்குள்ள காலு வெக்கமாட்டேன்.” கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு ரெண்டும் வேணும்.”

கடற்கரையில் வஞ்சிரம் வறுவல் வாங்கித் தின்றோம். அலை வந்து வந்து போனது. இருவருக்கும் வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள் கவுனின் தோளைப் பிடித்து முடித்துவிட்டு நான் மட்டும் செங்கல்பட்டுக்குப் போனேன். ஓட்டையில்லாத காதில் குண்டலம் நிற்க என்ன வழி? கவரிங் கடையில் காட்டிய கிளிப் இந்தப் பாரத்தைத் தாங்காது. சோர்ந்துபோய்ப் பேருந்து நிலையத்தருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. காதில் ஓட்டை போடாமல் மனிதர்கள் நாள் முழுதும் எதையோ காதில் மாட்டிக்கொண்டுதானே திரிகிறார்கள்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

“கண்ணாடி வேணாம், காதுல மாட்டற கொக்கி மட்டும் வேணும்” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணாடிக் காலு மட்டுமா? எத்தினி?” “ரெண்டு காதுக்கு ரெண்டு.” பழைய சட்டங்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து, மெல்லிய கம்பிக்கொக்கி இரண்டை எடுத்து, அவரே குறட்டால் வளைத்து, குண்டலத்தைக் கோத்துத் தன் காதில் மாட்டி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். “சூப்பரா கீது மேடம். யாருக்கு?” “ராணிக்கு” என்றேன்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கிருபா இல்லை. சாந்தி அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“என் காதப் பாத்தியா, டெய்லரம்மா?” என்று திடீரென்று கேட்டார். முக்காட்டை விலக்கினார். மடலின் நடுவில் சின்னத் தழும்பு. தூர்ந்துபோன ஓட்டை.

“அச்சரப்பாக்கத்துக்கு அந்தாண்ட எங்க வூடு. அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டு வந்த குடும்பம். எனக்குக் காது குத்துனாங்க, போடறதுக்கு ஒண்ணும் இல்ல. ஓட்ட மூடிக்கக் கூடாதுன்னு வேப்பங்குச்சி சொருவி வெச்சாங்க. கல்யாணத்தன்னிக்கும் அதே குச்சிதான். புதுசா ஒடச்சி, பச்சையா போட்டுவுட்டாங்க. மாப்ள வூட்டுப் பொம்பளைங்க குனிஞ்சி குனிஞ்சி என் காதத்தான் பாத்தாங்க. ஒருத்தி சிரிச்சிட்டா. தலைய நிமித்தவே இல்ல நானு, அன்னிக்குப் பூரா.”

உரித்த வெங்காயத்தைத் தள்ளி வைத்தார்.

“அப்பால ஜெபத்துக்குப் போனேன். நகை வேணாம்னு சொன்னாங்க. எனக்கு இன்னா சந்தோசம் தெரியுமா? அதுவரிக்கும் இல்லாதவளா நின்னேன். அன்னிலேர்ந்து வேணாம்னு சொல்றவளா நிக்கறேன். எம்பொண்ணு காதுல குச்சியும் ஏறக் கூடாது, எவளும் குனிஞ்சி பாக்கவும் கூடாதுன்னுதான் குத்தாமயே வுட்டேன். இத்தினி வருசம் நான் கட்டிக் காத்தத இவ ஒரு நாளு போட்டோக்குக் குடுத்துடுவாளா?”

முப்பது வருடமாக ராணிகளைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒரு மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டே தன் கல்யாண நாளைக் கழித்திருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. உள்ளே போய் மகுடத்தையும் குண்டலத்தையும் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினேன். என் மூன்று மாத உழைப்பை நினைத்து வருத்தம் வரவில்லை என்றால் பொய். வருத்தத்தோடுதான் மூடினேன்.

கிருபா வந்ததும், சாந்தி அறிய, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவளுக்கு அந்தக் குச்சிக் கதை தெரியாது. கடைசிவரை கேட்டாள். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்றாள்.

“சர்ச்சுல ஒண்ணும் போடலம்மா. ஒரு குந்துமணிகூடப் போடல. நீ என் கையப் புடிச்சிகினு வா. கல்யாணம் முடிஞ்சி கடற்கரையில நான் போடுவேன். உனக்குத் தெரியாம செஞ்சது தப்பு, அதான் இப்ப நேரா சொல்றேன். அங்க நீ வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி.”

சாந்தி வெங்காயத்தை எண்ணெயில் கொட்டினார்.

கல்யாணத்தன்று காலை செங்கல்பட்டில், மாப்பிள்ளை வீட்டாரின் தேவாலயத்தில், சாந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெள்ளை கவுன் தரையில் அலையாக வந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை, தலையில் மெல்லிய வலை மட்டும். தாலிக்கு மஞ்சள் கயிறும் ஒரு குட்டிச் சிலுவையும் போதும் என்று முன்னமே பேசி முடித்திருந்தார்கள். பின்வரிசையில் யாரோ ஒரு பெண், “காதுகூட மொட்டையா வுட்டுட்டாங்களே” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சாந்தி காதிலும் விழுந்திருக்கும். அவர் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பிரியாணி முடிந்து, வேனில் நாங்கள் ஐந்தாறு பேர் மாமல்லபுரம் கிளம்பினோம். கடைசியாக சாந்தி வந்து ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தினேஷ் ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தான், முடியவில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. மணல், கடல், வானம் எல்லாம் ஒரே மங்கலில் கலந்து, எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை. எங்களைப்போலவே இன்னும் நான்கைந்து ஜோடிகள் மணவுடுப்பில் படமெடுத்துக்கொண்டு திரிந்தார்கள். கரையோரம் தினேஷுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் கிருபாவுக்கு உடுத்திவிட்டேன். பாறை நிறப் பட்டு, அதே நிறத்தில் ரவிக்கை, மேலே கச்சு, தலையில் மகுடம். அவள் ஈர மணலில் போய் நின்றாள். காற்று பட்டுத்துணியை உடம்போடு ஒட்டவைத்தது. ஒரு கணம் அந்தச் சுவரிலிருந்து இறங்கி வந்தவளோ என்று எனக்கு மயங்கியது. பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் போனை இறக்கிவிட்டு வாய்பார்த்தார்கள்.

குண்டலம் மட்டும் பாக்கி. வேனிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பினேன். திறந்த கதவருகே சாந்தி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எப்பிடி நிக்கறா பாரு” என்றார். கோபமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “ஓட்ட இல்லாம எப்பிடி மாட்டுவ? காட்டு.”

ஒரு குண்டலத்தை உள்ளங்கையில் வைத்தேன். கொக்கியைத் தடவிப் பார்த்தார். எடை பார்த்தார். முக்காட்டைத் தோளுக்குத் தள்ளினார். கொக்கியைத் தன் காதுக்குப் பின்னால் மெதுவாக நுழைத்து, வேனின் பக்கக் கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோனார். குண்டலம் தோளைத் தொட்டு ஆடியது.

ஈர மணலிலிருந்து கிருபா கத்தினாள். “ஆன்ட்டி! கம்மலு! வெளிச்சம் போவுது!”

குண்டலத்தைத் திரும்ப வாங்க நான் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினேன். சாந்தி கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

“அவ நிக்கட்டும். இன்னொண்ணையும் குடு.”